தற்காலத் தமிழ்க் கவிதை, அடையாளம், சமூகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி வகுப்பிலும் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்திலும் கவிதையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ இதே ஐயங்கள்தாம் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்து, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன். சான்றுகள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

புதுக்கவிதை, நவீன கவிதை, தற்காலக் கவிதை எல்லாம் ஒன்றுதானா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பேச்சில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். அதனால் பெரிய கேடு ஒன்றும் விளைந்துவிடவில்லை. யாப்பை விட்டு எழுதுவதற்குப் பாரதியின் வசன கவிதைகள் வழி திறந்தன. ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934-இல் 'மணிக்கொடி'யில் வந்தது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' ஏடுதான் தனித்தனி முயற்சிகளாக இருந்தவற்றை ஓர் இயக்கமாக்கியது. அதில் வந்த கவிதைகளிலிருந்து தேர்ந்து 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பை அவர் வெளியிட்டார். இந்தப் பக்கத்தில் தற்காலக் கவிதை என்று நான் குறிப்பது பெரும்பாலும் 1980-களுக்குப் பிறகு எழுதப்பட்டவற்றை.

எதுகை மோனை இல்லாமல் வாக்கியத்தை உடைத்து உடைத்துப் போட்டால் கவிதை ஆகிவிடுமா?

ஆகாது. உடைத்த வரிகளை மீண்டும் சேர்த்து உரைநடையாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் உடைத்ததற்குக் காரணம் இல்லை என்று பொருள். நல்ல கவிதையில் வரி முடியும் இடம் மூச்சையும் பொருளையும் ஒருசேர நிறுத்தும். சான்று வேண்டுவோர் கீழே சுகிர்தராணியின் கவிதையைப் பற்றிய விடையைப் பார்க்கலாம்.

பாரதியும் பாரதிதாசனும் சாதியையும் பெண் விடுதலையையும் பாடிவிட்டார்களே? அதற்கு மேல் அடையாளம் என்று தனியாக என்ன இருக்கிறது?

பாடினார்கள், அவர்கள் பாடியிராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்கு மேடையே இருந்திருக்காது. ஆனால் அந்தப் பாட்டுகளில் பாடுபவர் ஒருவர், யாருக்காகப் பாடப்பட்டதோ அவர் வேறொருவர். இலக்கணத்தின் சொல்லால் சொன்னால், ஒடுக்கப்பட்டவர் அங்கே பெரும்பாலும் படர்க்கையில் இருந்தார். சில வேளை முன்னிலையில் அழைக்கப்பட்டார். 1980-களின் இறுதியிலிருந்து நிகழ்ந்தது என்னவென்றால், அதுவரை படர்க்கையில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் தன்மை இடத்துக்கு வந்து தாமே பேசத் தொடங்கினார்கள். அடையாளம் பற்றிய பேச்சு முழுவதையும் இந்த இட மாற்றத்திலிருந்து புரிந்துகொள்வது எளிது என்பது என் எண்ணம்.

கவிஞர் பழமலயின் 'சனங்களின் கதை' 1988-இல் வந்தபோது, தாயும் தகப்பனும் உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் நடுநாட்டுப் (விழுப்புரம், கடலூர்ப் பகுதி) பேச்சோடு கவிதைக்குள் வந்தார்கள். 1990-91-இல் அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது; மண்டல் குழுப் பரிந்துரையை ஒட்டிய இட ஒதுக்கீட்டு விவாதம் நாடெங்கும் சாதியைப் பேசுபொருளாக்கியது; மராத்தியில் 1970-களிலேயே வேரூன்றியிருந்த தலித் எழுத்து தமிழுக்கு வந்து சேர்ந்தது; 'நிறப்பிரிகை' போன்ற சிற்றேடுகள் அதற்குக் கோட்பாட்டு வலு சேர்த்தன. அதன் பிறகு தலித் கவிஞர்கள், 2000-ஐ ஒட்டிப் பெண் கவிஞர்கள், அதற்கும் பின்னால் திருநங்கையர் என்று தன்மை இடத்துக்கு வந்தவர்களின் வரிசை நீண்டது. கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்' 2010-களில் வந்தது.

'எழுத்து' வழியில் வந்தவர்கள் தங்கள் மனசுக்குள்ளேயே இருந்தார்கள், சமூகத்தைப் பார்க்கவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அவர்களில் பலருக்குத் தனிமனிதனின் தனிமையும் இருப்பும்தான் முதன்மையான பொருள்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1971-இல் கோவையிலிருந்து வந்த 'வானம்பாடி' ஏடு அந்தப் போக்குக்கு எதிர்வினையாகவே எழுந்தது. ஆனால் இரு முகாம்களாகப் பிரித்து எழுதிய இலக்கிய வரலாற்றை அப்படியே மனப்பாடம் செய்தால் சில நல்ல கவிதைகள் கண்ணில் படாமலே போய்விடும்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர், அரசியல் சாராதவர் என்று பலராலும் ஒதுக்கப்பட்ட ஞானக்கூத்தன். அவருடைய கவிதை குரலை உயர்த்தாமல், எரிந்த குடிசைகளை மல்லாந்த மண்ணின் கருப்பமுற்ற வயிறாகக் காண்கிறது. இன்னொரு பக்கம் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடல், கே.ஏ. குணசேகரனின் குரலில் மேடை மேடையாக ஒலித்தது. ஒன்றைத் தனியே வாசிக்கிறோம். மற்றொன்றைக் கூட்டத்தோடு பாடுகிறோம். இவற்றில் ஒன்றைக் கொண்டு மற்றதை மட்டம் தட்டுவது வீண் வேலை.

கவிதையில் வருகிற 'நான்' கவிஞர்தானே? பிறகு எதற்கு அதைப் பேசுபவர், குரல் என்றெல்லாம் சுற்றி வளைக்கிறீர்கள்?

தமிழில் இந்தக் கேள்வி மிகப் பழையது. அகத்திணைப் பாடலில் எவரையும் பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது நூற்பா. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள். பாடிய புலவர் அவர்களுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். தற்காலக் கவிதையில் அந்த மறைவு பல இடங்களில் வேண்டுமென்றே விலக்கப்படுகிறது. இதைப் பட்டவன் நான்தான் என்று சொல்வதே அங்கு கவிதையின் செயல். ஆகவே எல்லாக் கவிதைக்கும் ஒரே விடை இல்லை.

ஒன்று மட்டும் உறுதி: 'நான்' என்று எழுதுவதற்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. துவரங்குறிச்சியில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டார் அறியாமல் எழுதி, தாயின் உதவியோடு கவிதைகளை இதழ்களுக்கு அனுப்பியவர் சல்மா. அந்தப் பெயரே வீட்டாரிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளச் சூடிய புனைபெயர். பிற்பாடு பேரூராட்சித் தலைவராகி, பொதுவாழ்வில் அறியப்பட்ட முகமானார் என்பது வேறு கதை. சல்மாவின் முதல் தொகுப்பான 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' நூலில் வரும் 'நான்' வாழ்க்கைக் குறிப்பா, கற்பனையா என்று நாம் சாவகாசமாக விவாதிக்கலாம். அப்படி விவாதிக்கும் வசதி எழுதியவருக்கு இருக்கவில்லை.

சரி, தன் சாதியைச் சொல்லிவிட்டால் போதுமா? அதில் கவிதை எங்கே இருக்கிறது?

போதாது. எங்கே இருக்கிறது என்பதை ஒரு கவிதையைக் கொண்டே காட்டுகிறேன். சுகிர்தராணியின் பரவலாக அறியப்பட்ட ஒரு சிறு கவிதை ஒரு பள்ளிச் சிறுமியின் நினைவுகளால் ஆனது. செத்த மாட்டைத் தோலுரிக்கும் இடத்தில் காகம் விரட்டுகிறாள். ஊரார் போட்ட சோற்றை வாங்கித் தின்றுவிட்டுச் சுடுசோறு தின்றதாகப் பெருமை அடிக்கிறாள். தப்பட்டை (பறை) மாட்டிய அப்பா தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தை மறைத்துக் கடக்கிறாள். அப்பாவின் தொழிலைச் சொல்ல முடியாமல் ஆசிரியரிடம் அடி வாங்குகிறாள். பின்வரிசையில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுகிறாள். இப்போது யாராவது கேட்டால் தன் சாதிப் பெயரை, வசையாக எறியப்படும் அதே சொல்லால், பளிச்சென்று சொல்லிவிடுகிறாள்.

வினைமுற்றுகளைக் கவனியுங்கள். விரட்டுவேன், பேசுவேன், கடந்துவிடுவேன், அழுவேன் என்று 'வேன்' ஈற்றிலேயே கவிதை நடக்கிறது. ஒருமுறை நடந்ததை 'அழுதேன்' என்று சொல்லலாம். நாள்தோறும் நடந்ததைச் சொல்லத் தமிழுக்கு இந்த வடிவம் வேண்டியிருக்கிறது. படிப்பவர் காதில் அந்த ஈறு ஒரு தாளமாகப் பழகியபின் 'சொல்லிவிடுகிறேன்' என்று நிகழ்காலம் வருகிறது. அவமானத்தின் காலமும் அறிவிப்பின் காலமும் வெவ்வேறு என்பதை இலக்கணமே செய்து காட்டிவிடுகிறது. பெருமிதம் என்றோ கோபம் என்றோ ஒரு சொல்கூட அதில் இல்லை. கடைசிச் சொல்லை மட்டும் தனியே எடுத்துச் சுவரொட்டியில் போட்டால் அது முழக்கம். முந்தைய வரிகளின் எடையோடு வரும்போது கவிதை. பிரச்சாரத்துக்கும் கவிதைக்கும் நடுவே கோடு எங்கே என்று தனியாகக் கேட்பவர்களுக்கும் என்னிடம் இதே விடைதான்.

அப்படியானால் தலித் கவிதையைத் தலித்துகள் மட்டும்தான் எழுத வேண்டுமா? மற்றவர்கள் எழுதினால் தவறா?

சாதிக் கொடுமையை யாரும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஞானக்கூத்தனும் இன்குலாபும் அதற்குச் சான்று. ஆனால் எந்த இடத்தில் நின்று எழுதுகிறோம் என்பது கவிதைக்குள் தெரிந்துவிடும். வெளியிலிருந்து எழுதும் நல்ல கவிதை, தான் வெளியில் நிற்பதை மறைக்காது. பார்த்தவனின் குற்றவுணர்வை, கண்டும் காணாமல் போனவனின் கூச்சத்தை எழுத ஏராளமான இடம் இருக்கிறது. தமிழில் அது இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பேன். ஆதிக்கச் சாதி வீட்டில் பிறந்தவர் அந்த வீட்டின் திண்ணைக்கும் பின்வாசலுக்கும் இருந்த வேறுபாட்டை எழுதினால், அதுவும் சாதியைப் பற்றிய கவிதைதான். சிக்கல் எப்போது வருகிறதென்றால், காகம் விரட்டிய சிறுமியின் 'நான்' என்ற இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்ததைவிடத் தமக்கு அதிகம் தெரியும் என்கிற தொனியில் பேசும்போது.

பெண் கவிஞர்கள் ஏன் எப்போதும் உடலைப் பற்றியே எழுதுகிறார்கள்? வேறு விஷயமே இல்லையா?

எப்போதும் எழுதவில்லை, அதை எழுதியபோதுதான் நீங்கள் கேள்விப்பட்டீர்கள். குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002-இல் வந்தபோது, நூலைத் திறந்தும் பாராதவர்கள் தலைப்பை வைத்தே கண்டனம் செய்தார்கள். கவிஞருக்கு ஆபாசக் கடிதங்களும் மிரட்டல்களும் வந்தன. அந்தக் கூச்சலில் மாலதி மைத்ரியின் 'சங்கராபரணி'யில் உள்ள கடலோர வாழ்வும் ஆறும் மண்ணும் பலருக்குத் தெரியாமலே போயின.

இதைத் தமிழ்ப் பண்பாட்டுக்குப் புறம்பானது என்றவர்களுக்குப் பதில் சொல்லத் தொலைவு போக வேண்டாம். குறுந்தொகை 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, கன்றும் குடிக்காமல் கலத்திலும் கறக்கப்படாமல் பசுவின் பால் நிலத்தில் சிந்தி வீணாவது போல, தன் அல்குலின் வரிகளும் மாமை நிறத்தின் அழகும் தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு, அதாவது பிரிவால் படரும் நிறமாற்றத்துக்கு, இரையாகின்றன என்கிறாள். உடலின் வேட்கையைத் தன் குரலிலேயே சொல்லும் ஆண்டாளின் 'நாச்சியார் திருமொழி'யும் நம் கோயில்களில் ஓதப்படும் நூல்தான். அப்படியிருக்க 2002-இல் எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் அந்தச் சொல் மட்டுமாக இருக்க முடியாது. திரைப்பாடல் நாள்தோறும் பெண்ணுடலைப் படர்க்கையில் வருணித்தபோது எழாத சினம், உடையவள் தன்மையில் பேசியதும் எழுந்தது. மூன்றாவது கேள்விக்குச் சொன்ன இட மாற்றம் இங்கே மிகக் கூர்மையாகத் தெரிகிறது.

வட்டார வழக்கில் எழுதினால் பாதி புரிவதில்லை. பொதுத்தமிழில் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேருமே?

சங்கப் பாடல் புரியாவிட்டால் உரையைத் தேடுகிறோம்; நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு புரியாவிட்டால் கவிஞரைக் குறை சொல்கிறோம். என்.டி. ராஜ்குமாரின் கவிதைகளில் மந்திரவாதச் சொற்களும் மலையாளம் கலந்த குமரி மாவட்டப் பேச்சும் வருகின்றன. அந்த மந்திர உச்சாடனத்தின் வேகத்தைப் பொதுத்தமிழில் தர முடியாது. புரியாத சொல்லை அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. வாசகர் வட்டத்தில் பெரும்பாலும் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் இருப்பார். அன்றைக்கு அவர்தான் உரையாசிரியர்.

ஈழத்துக் கவிதைகளை அந்த வரலாறு தெரியாமல் படிக்க முடியுமா?

படிக்கத் தொடங்கலாம், சிறிது தொலைவு போனதும் வரலாறு தேவைப்படும். எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யைப் பாருங்கள். சிவில் உடை அணிந்த காவலர்கள் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். அவர் உடல் யாழ் நூலகப் படியருகே கிடக்கிறது. இரவின் இருளில் அமைச்சர்கள் வந்து, எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார்கள். இவரைக் கொல்லாமல் ஓர் ஈயைக்கூடச் சுட முடியவில்லை என்று பதில் வருகிறது. பிறகு தொண்ணூறாயிரம் புத்தகங்களால் உடலை மூடி எரிக்கிறார்கள், பௌத்த நூலான தம்மபதமும் சாம்பலாகிறது. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது தெரியாதவருக்கு இது ஒரு கொடுங்கனவு. தெரிந்தவருக்கு அந்தப் 'பட்டியல்' என்ற ஒரு சொல்லே அரச இயந்திரத்தின் முழுப் படம்.

இதை எழுதியவர் கிழக்கிலங்கையைச் சேர்ந்த முஸ்லிம் கவிஞர். எரிந்தது யாழ்ப்பாணத்தின் நூலகம். கவிதையில் கொல்லப்படுபவர் பெரும்பான்மையினர் வணங்கும் புத்தர். ஒரு கவிதைக்குள் மூன்று சமூகங்களின் நினைவு கூடுகிறது. அடையாளக் கவிதை என்றால் அவரவர் தம் மக்களுக்காக அழுவது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அடுத்து 1985-இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பையும், 1986-இல் வந்த பெண்களின் தொகுப்பான 'சொல்லாத சேதிக'ளையும் படிக்கலாம்.

தன் சமூகத்தைத் தானே விமர்சித்து எழுதுவது எதிரிக்கு உதவுவது ஆகாதா?

இந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடங்களிலெல்லாம் கவிஞர்கள் பெருவிலை கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். எரியாமல் தப்பியவை நண்பர்களிடமும் இதழ்களிலும் இருந்தவை மட்டுமே. அதே ஆண்டில் கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளால் கடத்தப்பட்டார், திரும்பி வரவில்லை. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, ஒரே மொழி பேசும் மக்களுக்குள் 'நாம்' என்ற சொல் யார் யாரை உள்ளடக்குகிறது என்ற கேள்வி கவிதைக்குள்ளும் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எதிரிக்கு உதவியதாக நான் கருதவில்லை. கேட்கவிடாமல் செய்தவர்கள்தாம் தம் மக்களைச் சிறுக்க வைத்தார்கள்.

உள்ளிருந்து விமர்சிப்பவரின் வரிகளை, அந்தச் சமூகத்தின் மேல் ஏற்கெனவே வெறுப்புக் கொண்டவர்கள் எடுத்துத் தம் வசதிக்குப் பயன்படுத்துவது உண்டு. முஸ்லிம் பெண்கள் எழுதும் கவிதைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அதற்கு எடுத்தவர்கள்தாம் பொறுப்பு; எழுதியவர் மேல் பழி போடுவது முறையல்ல.

'பெண் கவிஞர்', 'தலித் கவிஞர்' என்று முன்னொட்டு போடுவது அவர்களைக் குறுக்குவதாகாதா? கவிஞர் என்றால் போதாதா?

ஓர் இயக்கமாக எழுந்த காலத்தில் அந்தப் பெயர்கள் தேவைப்பட்டன. அவற்றை அவர்களே தேர்ந்துகொண்டார்கள். இன்று கவியரங்க அழைப்பிதழில் ஆண்களுக்கு வெறும் 'கவிஞர்' என்றும், மற்றவர்களுக்கு மட்டும் முன்னொட்டோடும் அச்சிடும்போது எரிச்சல் வருவது நியாயமே. முன்னொட்டு இல்லாதவருக்கு அடையாளமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கிரகாரத்துத் தெருவும் பிள்ளைமார் வீட்டு முற்றமும் நம் 'பொது'க் கவிதைகளில் நிறையவே உண்டு. அவற்றை அடையாளம் என்று எண்ணாமலே படித்துப் பழகிவிட்டோம்.

கவிதை எழுதி எதையாவது மாற்ற முடிந்திருக்கிறதா?

சட்டம் மாறியது, கூலி உயர்ந்தது என்று கணக்குக் காட்ட என்னால் முடியாது. ஆனால் 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து தலித் எழுத்தாளர்களான பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளையும், வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் கதையையும் நீக்கியது. கவிதையால் ஒன்றும் ஆகாது என்று உண்மையாகவே நம்பும் நிறுவனம் இந்த வேலைக்கு மெனக்கெட்டிருக்காது.

கவிஞர்கள் பரிசுகளை மறுத்ததும் உண்டு. இன்குலாப் மறைந்த பிறகு 2017-இல் அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பத்தார் ஏற்கவில்லை. 2023-இல் ஓர் ஆங்கில நாளேட்டுக் குழுமம் அறிவித்த விருதை, நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த தொழில் குழுமத்தைச் சுட்டிக்காட்டிச் சுகிர்தராணி மறுத்தார். இவை கவிதைக்கு வெளியே நடந்தவை என்று ஒதுக்கலாம். ஆனால் தன்மையில் எழுதியவருக்கு அந்தத் தன்மையை மேடைக்கு வெளியேயும் காக்க வேண்டிய பொறுப்பு வந்துவிடுகிறது.

இப்போது அடையாளக் கவிதை ஒரு வாய்பாடு போல ஆகிவிட்டதே? எதைப் படித்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். காயத்தைச் சொல், பிறகு கோபத்தைச் சொல், கடைசி வரியில் நிமிர்ந்து நில் என்ற அச்சில் வார்த்த கவிதைகள் முகநூலில் நாள்தோறும் வருகின்றன. சுகிர்தராணியின் கடைசி வரித் திருப்பத்தைப் போலச் செய்து, அதற்கு முன்னிருந்த காகத்தையும் சுடுசோற்றையும் விட்டுவிட்டவை அவை. ஆனால் இந்தக் குறையை அடையாளக் கவிதைக்கு மட்டும் உரியதாக்குவது நேர்மையன்று. மழை, சன்னல், தேநீர்க் கோப்பை, பிரிந்த காதலி என்ற வாய்பாட்டில் அதைவிடப் பல மடங்கு கவிதைகள் வருகின்றன. அவற்றைப் பார்த்து யாரும் காதல் கவிதையின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பதில்லை.

வாய்பாட்டை உள்ளிருந்தே உடைப்பவர்களும் இருக்கிறார்கள். பெருந்தேவி எதிர்கவிதை என்ற பெயரில், கவிதையின் உருக்கத்தையும் கவிஞரின் திருவுருவையும் கேலி செய்து எழுதுகிறார். கிழக்கிலங்கையின் அனார், 'எனக்குக் கவிதை முகம்' உள்ளிட்ட தொகுப்புகளில், தான் யார் என்பதை அறிவிக்காமல் வயலும் கடலும் நிரம்பிய ஒரு மொழியில் அதை உணர வைக்கிறார். சலிப்பாக இருக்கிறது என்பவர்களிடம் இந்த இருவரையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்வது என் வழக்கம். இருவரையும் பிடிக்காமல் போகலாம்; ஒரே மாதிரி இருக்கிறது என்று மட்டும் இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.